கொள்ளை நோய்க் காலம் மின்சாரத்தைப் பற்றிக் கற்பித்த பாடம்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



இக்கூட்டத்தில் ஏதேனும் ஒரு விஷயத்தைக் குறித்துச் சிறிது நேரம் பேச வேண்டுமென்று நமது காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டபொழுது, யாம் வேறு பொருள் தேடி அலையவில்லை. நம் நிர்வாக சபையாரின் முன் ஒரு யோசனை நிலுவையில் இருக்கிறதென்பது உங்கள் அனைவருக்கும் தெரியும். சங்கத்து மாணவர் விடுதியின் மாடியிலே சூரிய மின் தகடுகளை அமைக்கலாமா, கல்வி நிதியினின்று அதற்குப் பணம் எடுக்கலாமா என்பதே அந்த யோசனை. கல்வி நிதியென்பது நம்மவர் தறியடியிலும் கடையிலும் உழைத்துச் சேர்த்த காசு. அதிலிருந்து ஒரு ரூபாய் எடுப்பதாயினும் ஆராய்ந்தே எடுத்தல் வேண்டும்.

இவ்விஷயத்திற் சபையார் இரு கட்சியாக நிற்கின்றனர். ஒரு கட்சியார், "கொரோனா என்னும் கொள்ளை நோய் பரவிய 2020ஆம் ஆண்டிலே உலக முழுதும் நிலக்கரி தளர்ந்தது, சூரியனும் காற்றும் தரும் மின்சாரம் ஓங்கிற்று, இதைவிட வேறு சான்று எதற்கு?" என்கின்றனர். மற்றொரு கட்சியாரோ, "அந்த ஆண்டில் ஆலைகள் நின்றன, ஆகையால் வெயில் மின்சாரம் பெரிதாய்த் தோன்றியது, ஆலைகள் ஓடத் தொடங்கியவுடன் கரியன்றோ திரும்பி வந்தது?" என்கின்றனர். இரு கட்சியாரும் ஒரே ஆண்டைச் சாட்சிக்கு அழைக்கின்றனர் என்பதைக் கவனியுங்கள். ஒரே சாட்சி இரு பக்கமும் பேசுமாயின், அச்சாட்சி உண்மையில் என்ன சொல்லிற்று என்று கேட்டறிவதே முதற் காரியம். அதுவே இன்று யாம் செய்ய முயல்வது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆம் தேதி உலக சுகாதார ஸ்தாபனத்தார் இந்நோயை உலகளாவிய பெருந்தொற்று என்று அறிவித்தனர். அம்மாதம் 25ஆம் தேதி முதல் இந்தியா முழுதும் ஊரடங்கு வந்தது. நம்மவருட் பெரும்பாலோர் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டோம். விடியற்காலை முதல் நள்ளிரவு வரை விசைத்தறிகளின் ஓசை கேட்டுப் பழகிய தெருக்களிலே, ஓசையின்மை ஒரு நோயைப்போற் புகுந்தது. பாவு பூட்டிய தறிகள் பூட்டியபடியே நின்றன. நூல் வரவில்லை, நெய்த சேலைகளை வாங்குவார் இல்லை, வாரக் கூலி நின்றது. எம் வீதியில் மூன்று தலைமுறையாகத் தறி வைத்திருந்த ஒரு குடும்பத்தார், அவ்வாண்டின் இறுதிக்குள் இரண்டு தறிகளைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டனர். இப்பொழுது யாம் எடுத்துச் சொல்லப்போகும் கணக்குகளெல்லாம் இத்தகைய பூட்டிய கதவுகளின் கணக்கே என்பதை நினைவில் வைத்துக் கேட்க வேண்டுகிறோம்.

ஊரடங்கு வந்த சில நாட்களுக்குள் இந்தியாவின் மின்சாரத் தேவை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. வீடுகளில் மின்விசிறியும் விளக்கும் தொலைக்காட்சியும் முன்னிலும் அதிகமாக ஓடின. ஆனால் ஆலைகள், கடைகள், அலுவலகங்கள், ரயில்கள் ஆகியவை நின்றமையால், கூடியதைக் காட்டிலும் குறைந்ததே மிகுதியாயிற்று. ஐரோப்பாவிலும் இவ்வாறே. முழு ஊரடங்கு இருந்த தேசங்களில் நூற்றுக்கு 20 பங்கும் அதற்கு மேலும் தேவை விழுந்ததென்று சர்வதேச எரிசக்தி முகமையார் அவ்வாண்டிலேயே எழுதினர்.

இங்கே மின்சாரத்தின் இயல்பு ஒன்றை அறிதல் அவசியம். நெல்லைக் குதிரில் இட்டு வைப்பதுபோல மின்சாரத்தைப் பெரும் அளவில் இட்டு வைக்க இயலாது. ஒவ்வொரு கணமும் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவே உற்பத்தியாக வேண்டும். இந்தியாவின் மின் தொகுப்பு விநாடிக்கு 50 சுழற்சி என்னும் அளவில் ஓடுகிறது. செலவு மிஞ்சினால் அவ்வளவு தாழும். உற்பத்தி மிஞ்சினால் அது உயரும். தறியிலே பாவின் இழுவிசை மிகுந்தால் நூல் அறும், தளர்ந்தால் நெசவு கெடும் அன்றோ? அதுபோன்றதே இது. ஆகவே தேவை திடீரென்று கால் பங்கு விழுந்தபொழுது, உற்பத்தி செய்வோரில் யாரேனும் அந்த அளவுக்கு ஒதுங்கியே ஆக வேண்டியதாயிற்று. ஒதுங்க வேண்டியவர் யார் என்பதே கேள்வி.

இதற்கு விடை, செலவுக் கணக்கிலே இருக்கிறது. அனல் மின் நிலையம் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நிலக்கரி எரிக்க வேண்டும். அக்கரிக்கு விலை கொடுக்க வேண்டும். சூரியத் தகடும் காற்றாலையும் முதலில் ஒருமுறை முதல் போட்டு நிறுவப்படுவன. பின்னர் வெயிலுக்கும் காற்றுக்கும் விலைச்சீட்டு வருவதில்லை. ஆகையால், அடுத்த யூனிட்டை யாரிடம் வாங்குவது மலிவு என்று வரிசைப்படுத்தும் பொழுது, எரிபொருள் வேண்டாத சக்தி வரிசையின் முன்னே நிற்கிறது. கரி பின்னே நிற்கிறது. நம் தேசத்தின் மின் விதிகளும் சூரிய, காற்று மின்சாரத்தைத் தொகுப்பின் பத்திரத்துக்கு ஆபத்தில்லாதவரை தடுக்காமல் ஏற்க வேண்டுமென்று சொல்லுகின்றன. ஊரடங்கிலும் அவ்விதி நிற்கும் என்று 2020 ஏப்ரலில் மத்திய அரசாங்கத்தார் மீண்டும் தெளிவுபடுத்தினர். ஆகவே ஒதுங்கியது கரியே. அம்மாதத்தில் இந்தியாவின் அனல் நிலையங்கள் தங்கள் சக்தியிற் பாதிகூட ஓடவில்லை.

இப்பொழுது ஒரு சிறு கணக்குப் பாருங்கள். இஃது உதாரணத்துக்காக யாம் இட்ட கணக்கே. ஓர் ஊருக்கு நாளொன்றுக்கு 100 மரக்கால் மின்சாரம் வேண்டும். அதில் 10 மரக்கால் வெயில் தருகிறது என்று கொள்வோம். வெயிலின் பங்கு நூற்றுக்கு 10. ஊரடங்கினால் தேவை 75 மரக்காலாய்ச் சுருங்கிற்று. வெயில் முன்போலவே 10 மரக்கால் தருகிறது. அதன் பங்கு இப்பொழுது நூற்றுக்கு 13க்கு மேல். சூரியன் ஒரு கதிரும் அதிகம் வீசவில்லை. ஒரு தகடும் புதிதாய் ஏறவில்லை. ஆயினும் பங்கு ஏறிவிட்டது. 2020இல் பத்திரிகைகள் கொண்டாடிய உயர்விலே ஒரு பகுதி இத்தகையதே. இவ்வளவில் ஐயுறும் கட்சியார் சொல்வது மெய்.

ஆனால் மற்றொரு பகுதியும் உண்டு. அதற்குப் பிரிட்டனை உதாரணமாகக் கொள்ளலாம். நிலக்கரியை எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் விற்கும் தொழில் 1882இல் இலண்டனிலே தொடங்கிற்று. அத்தேசத்திலேயே 2020 ஏப்ரல் 10 முதல் ஜூன் 16 வரை, இடைவிடாமல் 67 நாட்களுக்கு மேல், ஒரு கரி நிலையமும் ஓடாமல் நாடு நடந்தது. தேவை விழுந்தது அதற்கு ஒரு காரணம். ஆயினும் அதற்கு முந்திய பத்தாண்டுகளில் கடலிலும் கரையிலும் காற்றாலைகளை அவர்கள் நிறுவியிராவிட்டால், அந்த 67 நாட்கள் வந்திரா. ஊரடங்கு கதவைத் திறந்தது. உள்ளே நுழைய ஆள் முன்பே வாயிலில் நின்றிருந்தது. இந்த வேறுபாட்டை மறத்தல் கூடாது.

உலகக் கணக்கும் இதையே காட்டுகிறது. உலக மின்சாரத்தில் நீர், காற்று, சூரியன் முதலிய புதுப்பிக்கத்தக்க சக்திகளின் பங்கு 2019இல் நூற்றுக்கு ஏறத்தாழ 27ஆக இருந்து 2020இல் 29 ஆயிற்று. அந்த ஆண்டிலே மட்டும் உலகில் 260 கிகாவாட்டுக்கு மேல் புதிதாய் இச்சக்திகள் நிறுவப்பட்டன. ஒரு கிகாவாட் என்பது 1,000 மெகாவாட். புதிதாய்ச் சேர்ந்த மின் உற்பத்திச் சக்தி முழுவதிலும் இது நூற்றுக்கு 80க்கு மேல். துறைமுகங்கள் அடைபட்டும், கூலியாட்கள் ஊர் திரும்பியும் இவ்வளவு நடந்தது. இந்தியாவிலோ அவ்வாண்டு வேலை தளர்ந்தது. 2019இல் அமைத்ததிற் பாதியளவு சூரிய நிலையங்கள்கூட 2020இல் அமையவில்லை. ஆகவே ஊரடங்கு இச்சக்திக்கு நன்மையே செய்தது என்பதும் தவறு. அது கரியையும் இடித்தது; வெயில் வேலையையும் இடித்தது.

நிற்க. அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை ஈண்டு விரித்துச் சொல்ல விரும்புகிறோம். நம்மிற் பலர் அதிற் பங்கு கொண்டோம். ஆனால் அதனுட் பொதிந்த ஆபத்தையும் திறமையையும் அப்பொழுது அறிந்தோமல்லோம். 2020 ஏப்ரல் 5ஆம் தேதி இரவு 9 மணிக்கு, 9 நிமிஷம் வீட்டு விளக்குகளை அணைத்து அகல் ஏற்றுமாறு பிரதம மந்திரி கேட்டுக்கொண்டார். நாமும் ஏற்றினோம். 2013 டிசம்பர் 31 முதல் இந்தியா முழுதும் ஒரே தொகுப்பாய் இணைக்கப்பட்டு ஓடுகிறது. 2012 ஜூலை கடைசியில் வட இந்தியாவிலும் கிழக்கிலும் தொகுப்பு சரிந்து 60 கோடிப் பேருக்கு மேல் இருளில் ஆழ்ந்ததை மின் பொறியாளர்கள் மறக்கவில்லை. கோடிக்கணக்கான விளக்குகள் ஒரே கணத்தில் அணைந்து, மீண்டும் ஒரே கணத்தில் எரிந்தால் என்னாகும் என்று அவர்கள் கவலை கொண்டனர்.

12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையலாம் என்பது அவர்கள் முன்னறிந்த கணக்கு. நடந்ததோ, 31,000 மெகாவாட்டுக்கு மேல் குறைந்தது. ஆயினும் தொகுப்பு சாயவில்லை. சுழற்சி 49.70க்கும் 50.26க்கும் இடையிலேயே நின்றது. காத்தது எது? பெரும்பாலும் நீர். ஒன்பது மணிக்கு முன்பே நீர் மின் நிலையங்களை உயர்ந்த அளவிற்கு ஏற்றி வைத்திருந்தனர். விளக்குகள் அணைய அணைய, அணைக்கட்டுகளின் நீரை அடைத்து, அவ்வுற்பத்தியை 17,000 மெகாவாட்டுக்கு மேல் இறக்கினர். விளக்குகள் எரியத் தொடங்கியதும் மீண்டும் ஏற்றினர். கொதிகலன் கொண்ட கரி நிலையம் இவ்வளவு விரைவாய் ஏறி இறங்க மாட்டாது. வெயிலோ அந்நேரத்தில் இல்லை. எரிபொருள் வேண்டாச் சக்திகளுள்ளும் ஒன்று கேட்டபொழுது வரும், மற்றொன்று தான் வந்தபொழுதுதான் வரும் என்னும் உண்மையை அந்த 9 நிமிஷம் போல வேறொன்றும் விளக்கியதில்லை.

இனிப் பணத்தின் பக்கத்தையும் பார்ப்போம். வெயில் முன்னே நின்று கரி ஒதுங்கிற்றே, அப்படியானால் மின் கட்டணம் ஏன் குறையவில்லை என்று நம் சபையில் ஓர் அன்பர் கேட்டார். நல்ல கேள்வி. விநியோகக் கழகங்கள் அனல் நிலையங்களோடு நீண்ட கால ஒப்பந்தம் செய்துள்ளன. மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலையத்தின் கடனுக்கும் பராமரிப்புக்கும் நிலைக் கட்டணம் கொடுத்தே ஆக வேண்டும். தறி நின்ற மாதத்திலும் பட்டறை வாடகையும் பாங்கி வட்டியும் நிற்கவில்லை அல்லவா? அதுபோலவே. அன்றியும், அதிகக் கட்டணம் செலுத்துவோர் ஆலைக்காரரும் கடைக்காரருமே. அவர்கள் நின்றதால் கழகங்களின் வருமானம் விழுந்தது. ஆகவேதான் 2020 மே மாதத்தில் மத்திய அரசாங்கத்தார் விநியோகக் கழகங்கள் தங்கள் பாக்கிகளைத் தீர்க்கும் பொருட்டு 90,000 கோடி ரூபாய்க் கடன் உதவியை அறிவிக்க நேர்ந்தது. ஒரு யூனிட் வெயில் மின்சாரம் மலிவு என்பதும், மாதச் சீட்டு மலிவு என்பதும் ஒன்றல்ல. பழைய ஒப்பந்தங்களின் பாரம் தீரும் வரை இரண்டும் பிரிந்தே நிற்கும்.

அந்நாட்களில் ஜலந்தர் நகரத்தார் நெடுந்தூரத்திலுள்ள இமயத்தின் தௌலதார் மலைத்தொடரைத் தம் மாடிகளினின்று கண்டு வியந்தனர். ஆகாயம் தெளிந்தது, புகை அடங்கிற்று. அவ்வாண்டு எரிசக்தியினால் வரும் கரியமில வாயு உலக அளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கு குறைந்தது. சிலர் இதனைப் பேறென்று எழுதினர். சகோதரர்களே! பட்டினியால் உடல் மெலிந்தவனைப் பார்த்து, "உனக்கிருந்த பருமன் நோய் தீர்ந்தது" என்று வாழ்த்துவார் உண்டோ? அந்தத் தெளிந்த ஆகாயத்தின் கீழே, தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாகக் கூலியாட்கள் நூற்றுக்கணக்கான மைல் நடந்தனர். நம் தறிகள் நின்றன. பசியைக் கொடுத்து வாங்கிய சுத்தம் நிலைக்காது, நிலைக்கவும் இல்லை.

2021ஆம் ஆண்டு அதைத் தெளிவாய்க் காட்டிற்று. தொழில்கள் எழுந்தவுடன் உலக மின்சாரத் தேவை நூற்றுக்கு 6 பங்கு ஏறிற்று. ஏறிய தேவையிற் பாதிக்கு மேல் கரியே ஈடு செய்தது. கரியமில வாயு முந்திய எல்லா ஆண்டுகளையும் தாண்டிற்று. இந்தியாவில் 2021 அக்டோபரில் அனல் நிலையங்கள் பலவற்றிற் கரி இருப்பு நான்கு நாளுக்கும் குறைந்து, மின்வெட்டு வருமோ என்று மாநிலங்கள் அஞ்சின. ஓராண்டுக்கு முன்பு வாங்குவாரற்றுக் கிடந்த கரிக்கு அவ்வளவு விரைவில் பஞ்சம் வந்தது.

எனவே எமது துணிபு இதுவாகும். எரிபொருள் வேண்டாச் சக்தியின் பங்கு இரு வழியில் ஏறலாம். ஒன்று, தேவை சுருங்குவதால் ஏறுவது. அது துன்பத்தின் வழி. மற்றொன்று, கட்டுவதால் ஏறுவது. அது உழைப்பின் வழி. 2020இல் இரண்டும் கலந்து வந்தன. சுருங்கியதால் வந்த உயர்வு மறு ஆண்டே கரைந்தது. கட்டியதால் வந்த உயர்வு நின்றது. இரு கட்சியாரும் ஒரே ஆண்டைச் சாட்சிக்கு அழைக்க நேர்ந்தது இக்கலப்பினாலேயே.

கட்டியது நின்றதென்பதற்குச் சான்று கூறுகிறோம். 2020 நவம்பரில் நடந்த ஏலத்தில் சூரிய மின்சாரத்தின் விலை யூனிட் 2 ரூபாய் வரையும், டிசம்பரில் குஜராத்தில் நடந்த ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு வரையும் இறங்கிற்று. 2025 ஜனவரி முடிவில் இந்தியாவின் சூரிய நிலையங்கள் 1,00,000 மெகாவாட்டைக் கடந்தன. அதே காலத்தில் தேசத்தின் தேவை சுருங்கிக் கிடக்கவில்லை. 2021 ஜூலையில் உச்சத் தேவை 2,00,000 மெகாவாட்டைத் தாண்டிற்று. 2024 மே 30ஆம் தேதி 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. பிரிட்டனில் 2024 செப்டம்பர் 30ஆம் தேதி கடைசிக் கரி நிலையமும் மூடப்பட்டது. அன்று அங்கே ஊரடங்கு எதுவும் இல்லை. நம் தேசத்திற் கரியின் எரிப்பு இன்னும் ஓயவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். தேவை ஓடும் வேகத்துக்குக் கட்டும் வேகம் இன்னும் ஈடாகவில்லை.

எரிபொருளில்லா மின்சாரம் நமக்குப் புதிது என்று எண்ண வேண்டா. 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்வீழ்ச்சியினின்று மின்சாரம் இறங்கி வந்த பின்னரன்றோ கோயமுத்தூரில் நூல் ஆலைகள் பெருகின? 1937இல் மேட்டூர் மின்சாரம் வந்தது. 1986இல் தூத்துக்குடிக்கு அருகில் முள்ளக்காட்டில் காற்றாலைகளைச் சோதித்துப் பார்த்தனர். பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாயிலும், பாலக்காட்டுக் கணவாயின் காற்று வீசும் உடுமலை, பல்லடம் பக்கங்களிலும் ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் எழுந்தன. அவற்றுட் பல, நூல் ஆலைக்காரர் தம் ஆலைக்கென்றே நிறுவியவை. அரசாங்கம் கொடுக்கட்டும் என்று காத்திராமல், தொழில் நடத்துவோர் தாமே முதல் போட்ட வழக்கம் நம் நாட்டில் உண்டு.

ஆயினும் முன்சொன்ன 9 நிமிஷத்தின் பாடத்தை மறத்தலாகாது. வெயில் பகலில் வரும். விளக்கு இரவில் வேண்டும். இந்த இடைவெளிக்கு வழிகள் இரண்டு. ஒன்று, சேமிப்பு. கோயமுத்தூர் ஜில்லாவிலுள்ள காடம்பாறையில், மின்சாரம் மிஞ்சிய வேளையில் கீழ் அணையின் நீரை மேல் அணைக்கு ஏற்றி, வேண்டிய வேளையில் இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம் 1980களின் இறுதி முதல் இருக்கிறது. பாட்டரிகளும் இப்பொழுது மலிவாகி வருகின்றன. மற்றொன்று, வேலையை வெயில் நேரத்துக்கு மாற்றுதல். 2023 ஜூனில் மத்திய அரசாங்கத்தார் திருத்திய விதிகள், வெயில் நேரத்து மின்சாரத்துக்குக் குறைந்த கட்டணமும் உச்ச நேரத்துக்கு மிகுந்த கட்டணமும் விதிக்க வழி சொல்லுகின்றன. மாநிலந்தோறும் நடைமுறை வேறுபடும். எப்படியாயினும், பகலில் முடிக்கக்கூடிய பாவு ஓட்டுதல், நூல் சுற்றுதல், தண்ணீர் இறைத்தல் முதலியவற்றை மாலைக்குத் தள்ளும் வழக்கத்தை நம்மவர் இப்பொழுதே கைவிடுதல் நலம்.

இனி நம் விடுதி மாடிக்கு வருவோம். யாம் ஆதரிக்கும் கட்சியைச் சேர்ந்தவரே. ஆனால் யோசனையை அப்படியே ஏற்கச் சொல்லமாட்டோம். விடுதிப் பிள்ளைகள் பகலில் பள்ளிக்கும் காலேஜுக்கும் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு விளக்கும் விசிறியும் வேண்டுவது மாலை ஆறு மணிக்கு மேல். வெயில் தகடு தருவதோ காலை முதல் மாலை வரை. மாடி நிறையத் தகடு பரப்பினால், பகலில் மிஞ்சியதை மின் வாரியக் கம்பிக்குக் கொடுத்து மாலையில் வாங்கிக் கணக்குத் தீர்க்க வேண்டும். அக்கணக்கின் விகிதமும் விதியும் அரசாங்க உத்தரவுக்குத் தக்கபடி மாறுவன. மாறும் விதியின் மேல் கல்வி நிதியை முழுதும் வைத்தல் விவேகமன்று.

விடுதிக்கு அடுத்த கட்டிடத்தில் நம் பெண்மக்களின் தையற் பயிற்சிக் கூடம் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை ஓடுகிறது. விடுதியின் தண்ணீர் மோட்டாரைப் பகலில் ஓட்டலாம். சமையற் கூடத்து மாவரைக்கும் இயந்திரத்தையும் பகலில் ஓட்டலாம். இம்மூன்றின் பகற் செலவு எவ்வளவென்று மூன்று மாதம் எழுதி வைத்து, அந்த அளவுக்கு மட்டும் முதலில் தகடு அமைப்போம். உற்பத்தியும் செலவும் ஒரே நேரத்தில் நிகழ்வதால், விதி எப்படி மாறினாலும் நமக்கு நஷ்டம் வாராது. ஓராண்டுக் கணக்கைப் பார்த்துப் பின்னர் பெருக்கலாம். தென்னை நிழல் விழும் கிழக்கு மூலையை விட்டுவிட வேண்டும். தகட்டின் தூசியை வாரம் ஒருமுறை கழுவ ஆள் குறிக்க வேண்டும். குறைந்த விலை சொல்பவரை மட்டும் பாராமல், எத்தனை ஆண்டு உத்தரவாதம் எழுத்தில் தருகிறார் என்றும் பார்க்க வேண்டும்.

தத்தம் வீட்டு மாடிக்குத் தகடு வைக்க விரும்பும் அங்கத்தினர்கள் அறிய வேண்டியதும் ஒன்றுண்டு. 2024 பிப்ரவரியில் மத்திய அரசாங்கத்தார் தொடங்கிய வீட்டு மாடித் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ஆயின் 78,000 ரூபாயும் மானியம் அறிவிக்கப்பட்டது. அது வீடுகளுக்கு உரியது; தறிப்பட்டறைக்கு அன்று. தரகர் சொல்லை நம்பாமல், மின் வாரிய அலுவலகத்தில் அன்றைய விதியை நேரிற் கேட்டறிந்தே கையெழுத்திடுங்கள்.

சபையோர்களே! கொள்ளை நோய் நம்மிடம் கேட்காமல் நம் தறிகளை நிறுத்தி, கரியையும் சிறிது காலம் நிறுத்திக் காட்டிற்று. அது இரவல் காட்சி. தறிகள் முழு ஓசையோடு ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே கரி ஒதுங்குமானால், அதுவே நம்முடைய சொந்த வெற்றி. அதற்கு மாடி மாடியாகவும், பட்டறை பட்டறையாகவும், கணக்குப் பார்த்துக் கட்டிச் செல்வதைத் தவிர வேறு வழி எமக்குத் தோன்றவில்லை. விடுதி மாடியில் ஒரு மூலையிலாவது இவ்வாண்டு அது தொடங்குமாயின், எம் வீதியில் பழைய இரும்பாய்ப் போன அந்த இரண்டு தறிகளை நினைக்கும்பொழுது எமக்குச் சிறிது மனச்சாந்தி உண்டாகும்.

முடிவு நிர்வாக சபையாருடையது. ஆதரித்தோரும் ஐயுற்றோரும் ஒரே நன்மையை நாடியே பேசினர் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை.